ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்

பூவனநாதனுக்குத் தன் மனைவியின் பெயர் மறந்துபோனதை முதலில் கண்டுபிடித்தது அவள் இல்லை, ரேஷன் கடையில் முகம் பார்க்கும் இயந்திரம். "உடன் வந்திருப்பவர் யார்?" என்று அது கேட்டது. அவர் திரும்பி அவளை நிதானமாகப் பார்த்துவிட்டு, "இந்தம்மா நல்லவுக. வழி காட்டுதாக" என்றார். 'உறவுமுறை: வழிகாட்டி' என்று பதிந்துகொண்டு இயந்திரம் அரிசியைக் கொட்டியது.

கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு மறக்கவே கூடாத பெயர் அது. ஊர்க் கோயிலில் சுவாமி பூவனநாதர், அம்பாள் செண்பகவல்லி. இவர்கள் கல்யாணத்தின்போது தரகர் ஜாதகத்தை உறையிலிருந்தே எடுக்கவில்லை. கோயிலுக்குள்ளே இருக்கிறவர்களே ஜோடியாக நிற்கும்போது நாம் என்ன புதிதாகப் பொருத்தம் பார்ப்பது என்று சொல்லி வெற்றிலையை மடித்துவிட்டார். அப்படிச் சேர்ந்த பெயர்தான், ஐம்பத்தைந்து வயதில் முன்கூட்டியே வந்துவிட்ட மறதி நோயில், முதலாவதாகக் கழன்று விழுந்தது.

பெயருக்குப் பின்னால் மற்றவையும் புறப்பட்டன. மதுரைக்குக் குடிவந்தது போயிற்று. குடிநீர் நிலையத்தில் மோட்டார்களோடு மல்லுக்கட்டிய வேலை போயிற்று. சட்டைக்கு எது முன்பக்கம் என்பது சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: ஆறாம் வகுப்பிலோ ஏழாம் வகுப்பிலோ பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் விளையாடிய ஒரு கணக்கு விளையாட்டு. அதுவும் முழுசாக இல்லை.

"பாலத்துல கொக்கு நிக்குது" என்பார், சோற்றில் கைவைத்தபடியே. ஆற்றுக்கு மேலே பலகைப் பாலம். நடுவில் கொக்கு. கொக்கு கணக்குக் கேட்கும். தப்பாகச் சொன்னால் ஒரு பலகை கழன்று தண்ணீரில் விழும். அக்கரையில் குடையோடு ஒருத்தர் காத்திருப்பார். அவர் யாரென்று கேட்டால் பூவனநாதன் முகம் சுருங்கிவிடும். பிறகு தானாகவே கொக்கின் குரலை எடுத்துக்கொண்டு, "ஏல, ஏழாம் வாய்ப்பாட்டை மாடு தின்னுட்டா?" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் மட்டும் அவர் பழைய ஆளாக இருந்தார். அதற்காகவே செண்பகவல்லி சோற்றை மெல்ல மெல்லப் பிசைந்து கொடுத்தாள்.

இதெல்லாம் இரண்டாயிரத்து நாற்பதுகளில் நடந்தது. மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை, நங்கூரம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

மதுரையில் இதற்கென்றே இருந்த நங்கூரம் நினைவு மையத்தின் வாசலில், தெர்மாகோலில் செய்து வெள்ளி பூசிய ஆளுயர நங்கூரம் ஒன்று நின்றது. அங்கிருந்து கடலைப் பார்க்கவேண்டுமென்றால் பஸ்ஸில் அரை நாள் உட்காரவேண்டும். நிறுவனர் டாக்டர் ஞானதிரவியம், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் கைதட்டலுக்கு இடம்விட்டுப் பேசிப் பழகியவர். எதிரே ஒரே ஒரு பெண், அவளும் கணவரின் சட்டை நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாலும், அந்த இடைவெளியில் அவர் கைவைக்கவில்லை.

"அம்மா, நம் இளமையில் எது மாறாமல் திரும்பத் திரும்ப வந்தது? தாயின் முகமா? அது மூப்படைந்தது. வீடா? அதற்கு வெள்ளையடித்தார்கள். பாட்டா? பாடுகிறவருக்குச் சளி பிடிக்கும்." சற்று நிறுத்தினார். "கணினி விளையாட்டு ஒன்றுதான் அணுவளவும் மாறாமல் வந்தது. அதே படம், அதே ஒலி, அதே தவறுக்கு அதே தண்டனை. மூளையில் அதைவிட ஆழமான பள்ளம் கிடையாது. அந்த விளையாட்டை அப்படியே மறுபடி ஓட்டி, நெற்றியில் எங்கள் பட்டையைக் கட்டி, அந்தப் பள்ளத்தில் நங்கூரத்தை இறக்குவோம். அதைப் பிடித்துக்கொண்டு மற்ற நினைவுகள் வரிசையாக ஏறிவரும்."

"நானும் வருவேனா சார்?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

வராமல் எங்கே போவீர்கள் என்றார் டாக்டர். ஆனால் அதே விளையாட்டாக இருக்கவேண்டும். வேறொன்றை இறக்கினால் இருக்கிற மண்ணும் பெயர்ந்துவிடும். சும்மா விடுவதும் ஆகாது. இப்படியே விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் விழுங்குவதே மறந்துபோகும் என்பதையும் அதே மேடைக் குரலில் சொன்னார். பிறகு பேனாவைத் திறந்தார். "விளையாட்டின் பெயர்?"

"கொக்கு வரும் சார்."

பேனாவை மூடினார்.

பெயர் தெரிந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் நோயே ஒரு கௌரவமாக இருந்தது. முன்பெல்லாம் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று சுற்றி வளைத்துக் கேட்டவர்கள், இப்போது நேராக 'உங்களுக்கு எந்த விளையாட்டு?' என்று கேட்டார்கள். வெளிநாட்டு விளையாட்டு என்றால் நாற்காலி வந்தது. உள்ளூர் சி.டி. என்றால் ஸ்டூல். பள்ளியில் கம்ப்யூட்டரே இல்லை என்றால், 'அய்யோ பாவம்' என்று அனுதாபத்தோடு நிற்கவைத்துப் பேசினார்கள். ஒரு மாஜி துணைவேந்தர், தான் படித்த பஞ்சாயத்துப் பள்ளியை மறைத்து, கண்ணால் கண்டிராத அமெரிக்க விண்கல விளையாட்டு ஒன்றைத் தன்னுடையது என்று சாதித்து இறக்கிக்கொண்டார். அதன்பின் அவருக்குப் பல் தேய்க்கத் தெரியவில்லை. ஆனால் சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

பெயர் தெரியாதவர்களுக்காக ஒரு பேரவை இருந்தது: கல்விக் கணினி விளையாட்டு அடையாளம் காண்போர் பேரவை. அதன் இணையப் பக்கத்தில் ஊர் உலகமே வந்து அரைகுறை ஞாபகத்தைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. 'மஞ்சள் பூனை. எழுத்துகளைத் தின்னும். பின்னால் மணி அடிக்கும். யாருக்காவது தெரியுமா?' 'ரயிலில் பழங்கள் ஏற்றவேண்டும். ஸ்டேஷன் மாஸ்டருக்கு மீசை.' 'நீல நிற ஆமை. தப்பாகச் சொன்னால் அழும். என் அப்பாவுக்காகக் கேட்கிறேன். அவசரம்.' ஆமைக்குக் கீழே பெரிய விவாதம் நடந்திருந்தது. அது ஆமையா, கடலாமையா என்று அறிஞர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பதிவு கேட்டவருடையது: 'இனி தேடவேண்டாம். நன்றி.' அதற்குப் பிறகும் நாலு பேர் கடலாமைக்கு ஆதாரம் கொடுத்திருந்தார்கள்.

செண்பகவல்லி கொக்கை அங்கே போட்டாள். பேரவைத் தலைவர் முனைவர் அறவாழி மறுநாளே கூப்பிட்டார். வீட்டுச் சுவர் தெரியாதபடி பொன்னாடை போர்த்திய புகைப்படங்கள் அவருக்குப் பின்னால் தொங்கின. சந்தேகமே வேண்டாம், இது டென்மார்க் விளையாட்டு, பறவை கொக்கல்ல, நாரை, தானே இதைப் பற்றி இரண்டு கருத்தரங்குகளில் உரையாற்றியிருப்பதாகச் சொன்னார்.

"அது எங்க ஊர்ப் பேச்சு பேசுமாம் சார். 'ஏல'ன்னு கூப்பிடுமாம்" என்றாள் அவள்.

"அம்மா, டேனிஷ் மொழி காதுக்குச் சிலசமயம் தென்மாவட்டத் தமிழ் மாதிரியே கேட்கும்" என்றார் முனைவர்.

படித்தவர் சொல்கிறார், டாக்டரும் தலையாட்டுகிறார். அவள் சம்மதித்தாள். விளையாட்டைத் தருவித்து, செந்தமிழில் குரல் கொடுத்து, குத்துவிளக்கேற்றித் தொடங்கினார்கள். திரையில் வழவழப்பான நாரை ஒன்று கழுத்தை வளைத்து, "தவறான விடை. மீண்டும் முயல்க" என்றது. பூவனநாதன் அதைப் பார்த்தார். பிறகு யாரோ தன் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல எழுந்து, சுவரோரம் போய் நின்றுகொண்டார். நர்ஸ் கிட்டே வந்தபோது கையை ஓங்கினார். செண்பகவல்லி போய்த் தோளைத் தொட்டதும்தான் அடங்கினார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அவள் கை மட்டும்தான் பயமுறுத்தவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டு, இதை என்ன செய்யவேண்டும் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி மையத்துக்கு அழைத்துப் போனபோது டாக்டர் அவளிடம், சிகிச்சை வெற்றிதான், நோயாளி ஒத்துழைக்கவில்லை என்றார். ரிஸ்வானா என்ற இன்ஜினீயர் பெண்தான் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். நெற்றிப் பட்டை எடுக்கும் மூளைப் படங்களைப் பார்ப்பது அவள் வேலை.

"அக்கா, இவர் கொக்குன்னு சொல்றப்போ மண்டைக்குள்ள படம் வரவேண்டிய இடம் இருக்குல்ல, அங்க ஒண்ணுமே இல்ல. கரியா இருக்கு. நான் மெஷின் கோளாறுன்னு நெனச்சேன். ஆனா காது கெடந்து துடிக்குது. இவர் அந்த விளையாட்டைப் பாக்கவே இல்லக்கா. கேட்டிருக்கார்."

"கேட்டாகளா? கண்ணுதான் நல்லா இருந்துச்சே."

"அதான் எனக்கும் புரியல. அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி கூட யாரு உக்காந்திருந்தாங்கன்னு விசாரிங்க."

பூவனநாதன் படித்தது கோவில்பட்டிக்கு மேற்கே ஓர் உதவிபெறும் பள்ளி. அவரை மைய வார்டில் ஒரு பகல் விட்டுவிட்டுச் செண்பகவல்லி அங்கே போனாள். பள்ளி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். விசாரித்து விசாரித்துக் கடைசியில் ரத்தினமாரி என்பவளிடம் அனுப்பினார்கள். பருத்திக்கு மருந்தடிக்கிற ட்ரோன்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். பூவனநாதன் பெயரைச் சொன்னதும் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரு" என்றாள். "ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பிள்ளைக. மவுசு பூவனநாதன், கீபோர்டு நான், வாயி யாக்கோபு."

அவள் சொன்னது இது. அந்தப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர்களை உபயம் செய்தவர் ஒரு தீப்பெட்டி முதலாளி. ஒவ்வொரு மானிட்டரின் தலையிலும் அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. திறப்பு விழாவில், வந்த பிரமுகர்களுக்குப் பன்னீர் தெளித்த உற்சாகத்தில் முதலாளி அப்படியே கம்ப்யூட்டர்களுக்கும் தெளித்துவிட்டார். ஏழாம் நம்பருக்கு வந்தபோது செம்பின் மூடி கழன்றது. மொத்தப் பன்னீரும் மானிட்டரின் முதுகு வழியாக உள்ளே இறங்கியது. கூடம் கைதட்டியது. அதன்பின் அந்தத் திரையில் வெளிச்சமே வரவில்லை.

செத்துவிட்டது என்று யார் சொல்வது? முதலாளியின் ராசியான கை பட்டுச் செத்தது என்று எப்படிச் சொல்வது? தகட்டோடு அதைத் தூக்கி வெளியே வைக்கவும் தலைமையாசிரியருக்குத் துணிவில்லை. ஆகவே மூன்று பிள்ளைகளை அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். யார் வந்து கேட்டாலும் 'அது மின்சாரச் சிக்கன முறை' என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். ஒரு கல்வி அதிகாரி அதை மிகவும் பாராட்டிவிட்டு, மற்றவற்றையும் அப்படியே வைக்கும்படி உத்தரவு போட்டுப் போனாராம்.

"பக்கத்து மெஷின்ல பிள்ளைக வாத்து சுடுதாக, பழம் பெறக்குதாக. எங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி. பூவனநாதன் மொத நாளே அழுதுட்டான். அப்பதான் யாக்கோபு, 'ஏல, அழாத. இந்தா பாரு, ஆறு ஓடுது, தெரியலையா ஒனக்கு? பாலம் இருக்கு. நடுவுல கொக்கு நிக்குது'ன்னு ஆரம்பிச்சான். கொக்கா அவனே கணக்குக் கேப்பான். இவன் மவுச அழுத்துவான். பலகை விழுந்தா யாக்கோபு வாயாலயே 'தொபுக்கு'ம்பான்."

"ஒவ்வொரு வாரமும் வேற வேற கதையா?"

"அய்யோ, ஒரு எழுத்து மாறக்கூடாது. ஒரு வாரம் கொக்குங்கதுக்குப் பதிலா நாரைன்னு வாய்தவறிச் சொல்லிட்டான். இவன் எந்திரிச்சு வெளிய போய்ட்டான். ரெண்டு வருசம் அதே விளையாட்டுதான். எங்க வகுப்புலயே கஷ்டமான விளையாட்டு எங்களுதுதான்னு நாங்க பீத்திக்கிடுவோம்."

குடைக்காரர் யார் என்று செண்பகவல்லி கேட்டாள். பாலத்தைக் கடந்தால் தெரியும் என்று யாக்கோபு சொல்வானாம். கடைசிப் பலகைக்குப் போகும்போதெல்லாம் பீரியடு முடிந்து மணி அடித்துவிடுமாம். "அவனுக்கே தெரியுமோ என்னவோ" என்றாள் ரத்தினமாரி. காலேஜ் முதல் வருசத்தில் நாலுவழிச் சாலையில் பைக்கோடு போய்விட்டான். பூவனநாதன்தான் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கி வந்தான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் யாக்கோபு என்ற பெயரை அவர் வாயால் அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சிலரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முடிக்க முடியாது என்று ஆரம்பிக்காமலே இருந்துவிடுகிறவர் அவர். ரத்தினமாரி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கொக்கின் குரலிலிருந்து 'தொபுக்கு' வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். திரும்பும் பஸ்ஸில் செண்பகவல்லி அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ரிஸ்வானா எல்லாவற்றையும் கேட்டாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"முடியும்க்கா. யாக்கோபு மாதிரி ஒருத்தர் பக்கத்துல உக்காந்து அப்படியே சொன்னா, இறங்கிடும். ஆனா ஒண்ணு. மத்தவங்களுக்கு விளையாட்டு திரையில இருந்துச்சு. இவருக்கு அது பக்கத்துல இருக்கற ஆள்ல இருக்கு. நங்கூரம் இறங்கும்போது பக்கத்துல இருக்கறவங்க முகமும் குரலும் யாக்கோபா ஒட்டிக்கிரும்."

"ஒட்டட்டும். அப்புறம் நான் யாருன்னு சொல்லிக்கிடுதேன்."

"அதான் முடியாது. நான் யாக்கோபு இல்ல, செண்பகவல்லின்னு சொன்னீங்கன்னா அது அத்தோட புடுங்கிக்கிரும். ரெண்டாவது தடவை இறக்க அங்க மண்ணு இருக்காது."

"அப்ப செண்பகவல்லி?"

"அவங்களும் அவர் நெனப்புக்கு வருவாங்க. எல்லாம் வரும்க்கா, நல்லா வரும். ஆனா அது நீங்க இல்ல."

வேறு யாராவது உட்காரலாமா என்று செண்பகவல்லி கேட்கவில்லை. கேட்க வந்ததை ரிஸ்வானாவே எடுத்துக்கொண்டு, வார்டு பையன்கள் இரண்டு பேரையும், ரத்தினமாரியைப் பேசவைத்த ஒலிப்பதிவையும் முயன்று பார்த்தாள். ஆட்களைக் கண்டு அவர் சுவரோரம் போனார். ஒலிப்பதிவைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். இருந்த உறவு எதுவும் இல்லாமல் போன பிறகும், அவர் பக்கத்தில் உட்கார உலகத்தில் ஒருத்திக்குத்தான் அனுமதி இருந்தது. அந்த அனுமதியை வைத்துத்தான் அவள் மனைவி என்ற இடத்திலிருந்து எழுந்துபோகவேண்டும்.

வார்டில் அவருக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கவளம் வாயிலேயே நின்றது. "முழுங்குங்க சார், முழுங்குங்க" என்று நர்ஸ் தன் தொண்டையைத் தடவிக் காட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி கதவருகே நின்று பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, "என்னைக்கு வைச்சுக்கிடலாம்?" என்று கேட்டாள்.

மானிட்டர் ஒன்றைக் காயலான் கடையிலிருந்து வாங்கிவந்தாள் ரிஸ்வானா. நல்லவேளையாக அது வேலை செய்யவில்லை. செண்பகவல்லிக்கு ஒரு சட்டை கொடுத்து, தலைமுடியை இழுத்துக் கட்டித் தொப்பிக்குள் செருகினார்கள். தாலியைக் கழற்றவேண்டியதில்லை, சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்று ரிஸ்வானா சொன்னாள். நெற்றிப் பொட்டைச் செண்பகவல்லியே எடுத்து மேசைக்கடியில் ஒட்டினாள். டாக்டர் ஞானதிரவியம் குத்துவிளக்கோடு வந்தார். ரிஸ்வானா அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

பூவனநாதன் நெற்றியில் பட்டையோடு கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

"ஏல பூனா" என்றாள் செண்பகவல்லி. ரத்தினமாரி சொல்லிக்கொடுத்த பட்டப்பெயர். "அழாத. இந்தா பாரு, ஆறு ஓடுது, தெரியலையா ஒனக்கு?"

அவர் கை மேசைமேல் எதையோ தேடியது. மவுசை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தாள்.

"பாலம் இருக்கு. நடுவுல கொக்கு நிக்குது. எட்டேழு எவ்வளவுங்குது."

அவர் விரல் மவுசின் பொத்தானைத் தடவியது. பிறகு அவர் உதடு அசைந்தது. "அம்பத்து நாலு."

"தொபுக்கு" என்றாள். "ஏல, ஏழாம் வாய்ப்பாட்டை மாடு தின்னுட்டா?"

பூவனநாதன் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பி அவள் முகத்தை, இடமிருந்து வலமாக, ஒரு இடம் விடாமல் பார்த்தார். "யாக்கோபு" என்றார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ரிஸ்வானா தலையைக் குனிந்துகொண்டாள். அது இறங்கிவிட்டதற்கு அடையாளம்.

அதன்பின் நடந்தவற்றில் பெரிய மனிதர்களின் பங்கையும் சொல்லிவிடவேண்டும். டாக்டர் ஞானதிரவியம் 'உலகின் முதல் வாய்மொழி நங்கூரம்' என்று விழா எடுத்து, தலைமையுரையும் ஏற்புரையும் தாமே நிகழ்த்தினார். முனைவர் அறவாழி அந்த விளையாட்டைப் பேரவையின் பட்டியலில் சேர்த்தார். மூலம்: டென்மார்க். கண்டறிந்தவர்: அறவாழி. கொக்கு என்பதற்குப் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் நாரை என்று இருந்தது.

வீட்டில் கூடத்து மேசையில் அந்தச் செத்த மானிட்டர் உட்கார்ந்தது. தினமும் காலையில் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். பூவனநாதன் விழுங்கினார். தண்ணீர் குடித்தார். சட்டையைத் தானே போட்டார். நினைவுகள் வரிசையாக ஏறிவந்தன. வரவர எல்லாவற்றையும் யாக்கோபிடம் சொன்னார். பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை வந்தது. பாலிடெக்னிக் ஹாஸ்டல் சாம்பார் வந்தது. யாக்கோபு இறந்த நாள் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று செண்பகவல்லி போனில் கேட்டாள். "பக்கத்துல உக்காந்திருக்கறவர் எப்படிக்கா செத்திருப்பார்?" என்றாள் ரிஸ்வானா.

சட்டையும் தொப்பியும் அவளுக்குப் பழகிவிட்டன. அவர் தூங்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. எந்நேரம் விழிப்பாரோ.

ஒருநாள் விளையாட்டின் நடுவே அவர் மவுசை விட்டார். முகத்தில் வெட்கம் வந்திருந்தது.

"ஏல யாக்கோபு. எனக்குக் கல்யாணம் ஆயிட்டுல்லா."

அவள் திரையைப் பார்த்தபடியே, "யாருல பொண்ணு?" என்றாள்.

"செண்பகவல்லி." பெயரை முழுசாக, நிறுத்தி, அழகாகச் சொன்னார். நெடுநேரம் அவளைப் பற்றிப் பேசினார். கோபம் வந்தால் அடுப்பில் பாத்திரம் வைக்கிற சத்தம் எப்படி மாறும் என்பதை மேசையில் தட்டிக் காட்டினார். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள், அந்தக் கையைப் பிடித்து விலக்கவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்துத் தயங்கியதைச் சொன்னார். இதையெல்லாம் அவர் கவனித்திருக்கிறார் என்பதே செண்பகவல்லிக்குத் தெரியாது.

"கல்யாணம் முடிஞ்ச புதுசுல ஒரு நாளு, சொல்லாம கொள்ளாம ஆறு பேரைச் சாப்பிடக் கூட்டிட்டு வந்துட்டேன். அவ்வளவுதான், பைய எடுத்துட்டு அம்மா வீட்டுக்குன்னு பஸ் ஸ்டாப்புல போய் நின்னுட்டா. ரெண்டு பஸ்ஸு வந்துச்சு. ரெண்டும் நிக்கல. சாயங்காலம் அவளே நடந்து வந்துட்டா."

செண்பகவல்லிக்குத் தெரியாத கதையா? அன்றைக்கு மட்டும் பஸ் நின்றிருந்தால் என் பிழைப்பே வேறு என்று எத்தனை சண்டையில் சொல்லிக்காட்டியிருக்கிறாள்! அவர் ஒருமுறைகூடப் பதில் சொன்னதில்லை.

பூவனநாதன் குரலைத் தாழ்த்தினார். "யார்ட்டயும் சொல்லிராத. நான்தாம்ல முந்தின ஸ்டாப்புக்கு ஓடுனேன். டிரைவருக காலப் பிடிக்காத கொறைதான். 'அண்ணாச்சி, அடுத்த ஸ்டாப்புல ஊதாச் சேலை ஒண்ணு நிக்கும், நிறுத்திராதீக'ன்னு கெஞ்சுனேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது."

மேசைக்கடியில் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். சொல்ல வாய்வரை வந்தது ஒரே ஒரு சொல். அதைச் சொன்னால் அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கத் தொடங்கிவிடுவார்.

"அவ எங்கல போனா?" என்றார் அவர், கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு. "கொஞ்ச நாளா ஆளையே காணோம்."

"அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொன்னாக."

"பஸ்ஸுலயா?"

"ம்."

அவர் முகம் வெளிறியது. "நான் இங்க ஒங்கூட விளையாடிட்டு உக்காந்துட்டேனே. இந்தத் தடவை பஸ்ஸு நின்னுருக்குமேல."

"நிக்காது" என்றாள் யாக்கோபின் குரலில். "நான் ஓடிப்போய் சொல்லிட்டு வந்துட்டேன்."

பூவனநாதன் பெருமூச்சு விட்டார். நன்றியோடு அவள் தோளில் கைபோட்டு, பழைய சேக்காளியை இழுப்பதுபோல இழுத்து அணைத்துக்கொண்டார். பிறகு மவுசை எடுத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு நிறுத்தினார்.

"அப்ப வாசக் கதவைச் சாத்தாதல. அவ நடந்துதான் வரணும். நேரமாகும்."

யாக்கோபு எழுந்துபோய்க் கதவைத் திறந்துவைத்தான்.